பால்தேத்தண்ணீர் கொட்டிய மடிக்கணினி: முகவரிடமா, பம்பலப்பிட்டிக்கா, புதிதே வாங்குவதா?

கேள்வி இதுதான்: மூன்று வருடப் பழைய மடிக்கணினி. விசைப்பலகையில் பால்தேத்தண்ணீர் கொட்டிவிட்டது. துடைத்துக் காயவைத்த பிறகும் சார்ஜர் விளக்கு மட்டும் எரிகிறது, திரையில் ஒன்றும் வரவில்லை. கொழும்பில் யாரிடம் காட்டுவது?

யாரிடம் என்பதற்கு முன்பு ஒன்று. இப்போதைக்கு அதை இயக்கிப் பார்ப்பதை அடியோடு நிறுத்துங்கள். சார்ஜரைக் கழற்றி வையுங்கள். "இன்றைக்காவது வருகிறதா பார்ப்போம்" என்று காலையும் மாலையும் பொத்தானை அழுத்துவதில்தான் பாதிச் சேதம் நடக்கிறது. அரிசிக்குள் புதைத்து வைக்கும்படி வீட்டில் யாராவது கட்டாயம் சொல்லியிருப்பார்கள். அரிசியைச் சோறாக்கிச் சாப்பிடுங்கள். தண்ணீர் எப்படியும் காய்ந்துவிடும். காயாமல் உள்ளே இருக்கும் பலகையில், அதாவது மதர்போர்ட்டில், ஒட்டிக்கொண்டிருப்பது சீனியும் பாலும். அந்தப் படிவு ஈரத்தை இழுக்கும், அதில் மின்சாரமும் ஓடினால் செப்புத் தடங்களை அரிக்கத் தொடங்கும். நம்முடைய கடற்கரை ஈரக்காற்றில் அது இன்னும் விரைவாக நடக்கும். எனவே வாரக்கணக்கில் யோசிக்க நேரமில்லை. யாராவது அதைத் திறந்து, பற்றரி இணைப்பைப் பிரித்து, ஐசோபுரொப்பைல் அல்கஹோலால் கழுவ வேண்டும்.

அடுத்து, உள்ளே என்ன இருக்கிறது? கடைக்காரர் கேட்கமாட்டார், நீங்கள்தான் சொல்ல வேண்டும். பிள்ளையின் ஆய்வேடோ கடைக் கணக்கோ உள்ளே இருந்தால், "கணினி போனாலும் பரவாயில்லை, தரவு வேண்டும்" என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். பெரும்பாலான விண்டோஸ் கணினிகளில் தரவைச் சேமிக்கும் பாகமான எஸ்எஸ்டி தனியாகக் கழற்றக்கூடியது. வேறொரு கணினியில் பொருத்தி வாசிக்கலாம். ஆனால் தரவைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் இயங்கிக்கொண்டிருந்தால் மீட்புச் சாவி கேட்கும். அது பெரும்பாலும் உங்கள் மைக்ரோசொஃப்ட் கணக்கில் இருக்கும். போகும் முன்பே போனில் தேடி எடுத்து வையுங்கள். அண்மைக்கால மக்புக் என்றால் கதை வேறு. சேமிப்பகம் பலகையோடு பற்றவைக்கப்பட்டு, அதே பலகையின் சிப்போடு பூட்டப்பட்டிருக்கும். பலகையை உயிர்ப்பிக்காமல் தரவு வராது. பலகையை மாற்றினால் தரவும் போயிற்று.

இனி கணினி நிறுவனத்தின் முகவரா, வெளிக்கடையா என்பதற்கு வருகிறேன். உத்தரவாதக் காலத்துக்குள், தானாகவே பழுதான கணினி என்றால் முகவரைத் தவிர வேறு யாரும் அதன் ஆணியைத் தொடக்கூடாது. உங்களுடையது அப்படி இல்லை. திரவச் சேதத்தைச் சாதாரண உத்தரவாதம் ஏற்காது. சேவை நிலையங்கள் பொதுவாக உதிரிப்பாகத்தைச் சீர்செய்வதை விட முழுப் பலகையையும் மாற்றத்தான் விலை சொல்லும். மூன்று வருடப் பழைய கணினிக்கு அந்த விலை கட்டுப்படியாவது அரிது. ஆகவே பலகையை முழுதாக மாற்றாமல், அதில் பழுதான சிறு பாகத்தை மட்டும் மாற்றி, சிப் மட்டத்தில் திருத்தும் ஆளைத் தேடுங்கள்.

கணினிக் கடைகள் நிறைந்த பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவைத்தான் எல்லோரும் சொல்வார்கள், நானும் அங்கே தொடங்கத்தான் சொல்வேன். 100, 101 பஸ்கள் காலி வீதியால் போகின்றன, மஜெஸ்டிக் சிட்டிக்குப் பக்கத்திலேயே இறங்கலாம். ஆனால் கணினி விற்கும் கடை எல்லாம் கணினி திருத்தும் கடை ஆகாது. சில கடைகள் வாங்கி வைத்துக்கொண்டு வேறெங்கோ அனுப்பிவிடும். "பலகையை இங்கேயே பார்ப்பீர்களா, வெளியே அனுப்புவீர்களா?" என்று கேளுங்கள். பதில் வளைந்து நெளிந்தால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.

அக்காவின் மகளுடைய கணினிக்கும் இதே கதி நேர்ந்தபோது, முதல் கடையில் ஒருவர் பொத்தானை அழுத்திப் பார்த்துவிட்டு, மூடியைக்கூடத் திறக்காமல், "மதர்போர்ட் போய்விட்டது" என்று ஒரு தொகையைச் சொன்னார். இன்னொரு கடையில் இருந்த பையன் எங்கள் முன்னாலேயே அடிமூடியைக் கழற்றி, பலகையை நுண்நோக்கியின் கீழ் வைத்தான். சார்ஜர் இணைப்புக்கு அருகில் கடுகளவு இடத்தில் பச்சை பூத்திருந்தது. மல்டிமீட்டரின் முனையை வைத்து, "அக்கா, இந்தப் பக்கம் 19 வோல்ட் வருகிறது, அந்தப் பக்கம் இல்லை. நடுவில் இருக்கிற இதுதான் போயிருக்கிறது. வேறு ஏதும் போயிருக்கிறதா என்பது கழுவிய பிறகுதான் தெரியும்" என்றான். அக்காவுக்கு வோல்ட்டும் தெரியாது, ஒன்றும் தெரியாது. ஆனாலும் யாரிடம் கொடுப்பது என்பது அவளுக்கு அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது. எதை அளந்தேன் என்று சொல்லத் தெரிந்தவனிடம் கொடுங்கள். "கழுவிய பிறகுதான் தெரியும்" என்று அவன் தயங்கியது எனக்கு இன்னும் பிடித்திருந்தது.

பரிசோதனைக் கட்டணம் கேட்டால் முகம் சுளிக்காதீர்கள். பரிசோதனைக்கும் திருத்தத்துக்கும் தனித்தனியாக விலை பேசினால், முடிவு உங்கள் கையில் இருக்கும். இலவசமாகப் பார்ப்பவருக்கு எதையாவது திருத்தியே ஆகவேண்டிய கட்டாயம் வந்துவிடுகிறது.

பற்றுச்சீட்டில் கணினியின் தொடரிலக்கம், ரம் (நினைவகம்), எஸ்எஸ்டி விவரம், சார்ஜர் கொடுத்தீர்களா இல்லையா, கேட்காமல் எந்தத் தொகைக்கு மேல் வேலை செய்யக்கூடாது என்பதெல்லாம் எழுதப்பட்டிருக்க வேண்டும். கழற்றிய பாகத்தைத் திருப்பிக் கேளுங்கள். தகராறு வந்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம், ஆனால் பற்றுச்சீட்டு இல்லாமல் போய் எதைக் காட்டுவீர்கள்?

எப்போது கைவிடுவது? என் கணக்கு இது: அதே ரகத்தில் பாவித்த கணினி ஒன்றின் விலையில் பாதிக்கு மேல் கேட்டால், எஸ்எஸ்டியைக் கழற்றி எடுத்துக்கொண்டு வந்துவிடுவேன். நனைந்த பலகை திருத்திய பிறகும் சில மாதங்களில் இன்னோர் இடத்தில் காலை வாரலாம். கடைக்காரர் கொடுக்கும் உத்தரவாதமும் பெரும்பாலும் அவர் மாற்றிய பாகத்துக்கு மட்டும்தான். திரையும் ரம்மும் நல்ல நிலையில் இருந்தால் உதிரிப்பாகமாக வாங்க ஆள் இருக்கிறது.

விலை பேசும்போது விசைப்பலகையையும் சேர்த்துப் பேசுங்கள். பலகை உயிர்பெற்றாலும் தேத்தண்ணீர் குடித்த விசைகள் ஒட்டிக்கொள்ளும், அல்லது தாமாகவே எழுத்தடிக்கும். மெல்லிய கணினிகள் பலவற்றில் விசைப்பலகை மேல்மூடியோடு ரிவெட் அடிக்கப்பட்டிருப்பதால், மூடியோடு சேர்த்து மாற்ற வேண்டிவரும். பலகை வேலை முடிந்த பிறகு இதை அறிந்தால், மறுக்கவும் முடியாது, பேரம் பேசவும் முடியாது.