மாதிரி அளவு: எந்த வீடியோவில் தொடங்குவது?

வணக்கம். பென்னாகரம் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளின் பல் கறையை எம்.எஸ்சி. நர்சிங் ஆய்வுக்கு எடுத்திருப்பதாகவும், எத்தனை வீடியோ பார்த்தாலும் மாதிரி அளவு, அதாவது எத்தனை பிள்ளைகளைச் சோதிக்க வேண்டும் என்ற கணக்கு, புரியவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். பல்லில் கறை படியவைக்கும் ஃப்ளோரைடு தருமபுரி நிலத்தடி நீரில் அதிகமாக இருப்பது ஊரறிந்த விஷயம். அவசியமான தலைப்பு, விட்டுவிடாதீர்கள்.

கண்டதையும் பார்க்க வேண்டாம். சென்னையிலுள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் என்பிடெல் (NPTEL) என்ற இணையவழிப் பாடத் தளத்தில் தரும் 'ஹெல்த் ரிசர்ச் ஃபண்டமென்டல்ஸ்' பாடத்தை எடுங்கள். பார்க்கக் காசில்லை, சான்றிதழ்த் தேர்வுக்குத்தான் கட்டணம். ஆங்கிலம்தான்; வேகத்தைக் குறைத்துக் கேளுங்கள். ஆய்வுக் கேள்வி, ஆய்வு வகை பற்றிய பகுதிகளை முதலில் முடியுங்கள். கேள்வி முடிவாகாததுதான் உங்கள் குழப்பத்துக்குக் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

'எத்தனை சதவீதம் பேருக்குக் கறை இருக்கிறது' என்பதுதான் கேள்வியா? சரி, அப்படியென்றால் கணக்கு எளிது. பாதிப் பேருக்கு இருக்கும் என்று வைத்து, 5 சதவீதம் முன்பின் இருக்கலாம் என்றால், 4 × 50 × 50 ÷ (5 × 5) = 400 பிள்ளைகள் (கறை இருப்பவர் 50, இல்லாதவர் 50 சதவீதம்; 4 சூத்திரத்தில் வரும் எண்). ஆனால் பள்ளிகளைத் தேர்ந்து வகுப்பு வகுப்பாக எடுத்தால் இது போதாது. ஒரே ஊர்த் தண்ணீர் குடித்து வளர்ந்த பிள்ளைகளின் பற்கள் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் இருக்கும். அதனால் 'டிசைன் எஃபெக்ட்' என்ற எண்ணால் 400ஐப் பெருக்க வேண்டும். பலர் கோட்டைவிடும் இடம் இதுதான்.

கறை எவ்வளவு கடுமை என்று தரம்பிரிக்க, ஃப்ளோரைடு கறைக்கான அளவுகோலான டீன் குறியீட்டைப் (Dean's index) பயன்படுத்துங்கள். அப்புறம், நெறிமுறைக் குழு ஒப்புதலும் பெற்றோர் சம்மதமும் கைக்கு வராமல் பள்ளிக்குப் போக வேண்டாம். எத்தனை பள்ளி என்று முடிவானதும் இங்கேயே எழுதுங்கள், சேர்ந்து கணக்குப் போடலாம்.