விழும் வேகத்தைக் காதால் கேட்கலாம்

கேள்வி: ஒன்பதாம் வகுப்புக்கு இயற்பியல் கற்பிக்கிறேன். மாணவர்கள் இயக்கச் சமன்பாடுகளைப் பிழையின்றி எழுதுகிறார்கள். ஆயினும் கனமான பொருள்தான் முதலில் விழும் என்ற எண்ணம் அவர்களை விட்டு அகலவில்லை. ஆய்வகக் கருவிகள் இன்றி வகுப்பறையிலேயே எதைச் செய்து காட்டலாம்?

பதில்: அன்றாடம் கண்ணால் கண்டதிலிருந்து பிறந்த எண்ணம் என்பதால், விளக்கவுரையால் மட்டும் அது அகலாது. எதைச் செய்து காட்டும் முன்பும், என்ன நடக்கும் என்பதை ஒவ்வொரு மாணவரையும் குறிப்பேட்டில் எழுதச் செய்யுங்கள். இதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். தம் கைப்பட எழுதியது பொய்க்கும்போதுதான் மாணவர் காரணத்தைத் தேடத் தொடங்குகிறார்.

முதலில் ஒரு புத்தகத்தையும், அதைவிடச் சற்றுச் சிறியதாக வெட்டிய தாளையும் அருகருகே பிடித்து ஒரே நேரத்தில் விடுங்கள், தாள் பின்தங்கும். அடுத்து, தாளைப் புத்தகத்தின் மேல் வைத்து விடுங்கள். இரண்டும் சேர்ந்தே விழும். புத்தகம் காற்றை விலக்கி வழிவிடுவதால்தான் தாள் விரைகிறது என்று யாரேனும் மறுத்தால் மகிழுங்கள், ஏனெனில் அது சரியான மறுப்பு. அந்தத் தாளையே இறுகக் கசக்கித் தனியாக விட்டால், எடை மாறாதபோதும் அது ஏறக்குறையப் புத்தகத்தோடு தரையைத் தொடும். 1971ஆம் ஆண்டு அப்பல்லோ 15 பயணத்தில், காற்றில்லாத நிலவில் டேவிட் ஸ்காட் சுத்தியலையும் இறகையும் விழவிட்ட காணொலியை இதற்குப் பிறகே காட்டுங்கள். முன்பே காட்டினால் அது நிலவின் விந்தையாகவே மனத்தில் தங்கிவிடும்.

எனக்கு மிகவும் பிடித்தது நூல் சோதனை. ஒரு நூலின் அடிமுனையிலிருந்து 40, 80, 120, 160 செ.மீ. தொலைவுகளிலும், மற்றொரு நூலில் 10, 40, 90, 160 செ.மீ. தொலைவுகளிலும் இரும்பு நட்டுகளைக் கட்டுங்கள். அடிமுனை தகரத் தட்டைத் தொடும்படி நூலைச் செங்குத்தாகப் பிடித்து விட்டுவிட்டு, மாணவர்களைக் கண்மூடிக் கேட்கச் சொல்லுங்கள். முதல் நூலின் ஒலிகள் வரவர நெருங்கும். இரண்டாவதில், ஏறக்குறைய 0.14 வினாடிக்கு ஒன்றாக, தாளம் தப்பாமல் நான்கு ஒலிகள் எழும். காரணத்தை உடனே சொல்லிவிடாமல், அளவுகோலைக் கொடுத்து நட்டுகளின் இடைவெளிகளை அவர்களையே அளக்கச் செய்யுங்கள். 10, 30, 50, 70 என்று வரும். சாய்தளத்தில் பந்துகளை உருட்டி ஆராய்ந்த கலிலியோ 1638இல் வெளியிட்ட நூலில் விளக்கிய, அடுத்தடுத்த சம நேரங்களில் கடக்கும் தொலைவுகளின் 1, 3, 5, 7 என்ற ஒற்றைப்படை வரிசை அதுவே.