ஏர் ஸ்க்ரூட்ரைவர் மந்தமாகச் சுற்றுவது பற்றி

இரண்டு மாதம் சும்மா கிடந்த ஏர் ஸ்க்ரூட்ரைவர் (கம்ப்ரஸர் காற்றில் ஓடுவது) இப்போது மந்தமாகச் சுற்றுகிறது, காற்று வெளியேறும் எக்ஸாஸ்டில் தண்ணீர் தெறிக்கிறது என்கிறீர்களே, மோட்டார் போய்விட்டது என்று அதற்குள் முடிவு கட்ட வேண்டாம். கம்ப்ரஸர் டேங்கில் சேர்ந்த தண்ணீர் காற்றோடு உள்ளே போய், உள்ளே சுற்றும் ரோட்டரில் இருக்கும் வேன் தகடுகள் (காற்று தள்ளிச் சுழற்றும் சிறு தகடுகள்) பழைய எண்ணெய்ப் பிசுக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும், பெரும்பாலும் இதுதான் கதை.

முதலில் டேங்கின் அடி வால்வைத் திறந்து தண்ணீரை வடித்துவிடுங்கள். அப்புறம் ஹோஸைக் கழற்றி, காற்று நுழையும் வாயில் நாலைந்து சொட்டு ஏர் டூல் ஆயில் விட்டு, மறுபடி மாட்டி, பிட் இல்லாமல் அரை நிமிடம் ஓட விடுங்கள். எக்ஸாஸ்டில் கறுப்பாக எண்ணெய் தெறிக்கும், முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள், பழைய துணி ஒன்றைப் பக்கத்தில் பிடியுங்கள். இன்ஜின் ஆயில் மட்டும் வேண்டாம், கெட்டி, இன்னும் ஒட்டும். பிரஷர் டூலில் அச்சடித்திருக்கும் அளவைத் தாண்டக் கூடாது, பொதுவாக 90 பிஎஸ்ஐ, அதாவது 6 பாருக்குச் சற்று மேல்.

இனி எடுத்து வைக்கும்போது சப்ளையை மூடி, ட்ரிகரை அழுத்தி மிச்சக் காற்றை வெளியேற்றி, அதன் பிறகே ஹோஸைக் கழற்றுங்கள். இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, ஹோஸை மறுபடி மாட்டி ஒரு நொடி சுற்றவிட்டு, அதே முறையில் கழற்றி, காற்று நுழையும் வாய்க்கு மூடி போட்டு, ஈரமில்லாத பெட்டியில் வையுங்கள். ஹோஸோடு ஆணியில் தொங்கவிடுவது சரியில்லை. இதற்குப் பிறகும் மந்தமாகவே இருந்தால் வேன் தகடு தேய்ந்திருக்கலாம், தனியாகவே கிடைக்கும்.