மகள் டாக்குமென்டேஷன் பக்கம் போகிறேன் என்கிறாள், விடலாமா?

அம்மா, உங்கள் கவலை புரிகிறது. மகள் கம்ப்யூட்டர் சயின்ஸ் கடைசி வருஷம், கோடிங்கும் ஓரளவு வரும், ஆனால் மனசு எழுத்துப் பக்கம்தான் போகிறது, டெக்னிக்கல் ரைட்டிங்கில் சேரப் போகிறேன் என்கிறாள், அதைத்தான் ஏஐயே எழுதிவிடுகிறதே என்று கேட்டிருக்கிறீர்கள். பாதி நியாயமான கேள்வி. கோடில் இருப்பதை அப்படியே வாக்கியமாக்கிக் கொடுக்கிற வேலையை மட்டும் நம்பி அவள் இறங்க வேண்டாம், அதை ஏஐ செய்துவிடும்.

ஆனால் அதே ஏஐயால் இந்தத் துறைக்குப் புதிதாக ஒரு வாசகர் வந்திருக்கிறார், அதை நீங்கள் கணக்கில் எடுக்கவில்லை. ஏஜென்ட் என்று சொல்கிறார்களே, அதுதான் அந்த வாசகர். பதில் சொல்வதோடு நிற்காமல் டிக்கெட் போடுவது, ஃபைல் தேடுவது, ஆர்டர் மாற்றுவது என்று வேலையையும் செய்கிற ஏஐ, அதற்குக் கையாக இருப்பவை மென்பொருள் டூல்கள். 2023 ஜூனில் ஓப்பன்ஏஐ, ஏஐ இப்படி டூலைக் கூப்பிட உதவும் ஃபங்ஷன் காலிங் வசதியைத் தந்தது, 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக், ஏஐயையும் டூல்களையும் இணைக்கும் எம்சிபி என்ற பொது நெறிமுறையை வெளியிட்டது. அதில் ஒவ்வொரு டூலுக்கும் ஒரு பெயர், ஒரு விளக்கம், என்னென்ன உள்ளீடு தேவை என்று சொல்லும் ஜேசன் ஸ்கீமா இருக்கும். பொதுவாக ஏஜென்ட் கண்ணில் படுவது அவ்வளவுதான். உள்ளே இருக்கிற கோடு அதற்குத் தெரியாது. மனிதருக்குப் புரியவில்லை என்றால் பக்கத்து சீட்டில் கேட்பார், ஏஜென்ட் பெரும்பாலும் தானே ஒன்றை யூகித்துக்கொண்டு போய்விடும்.

ஒரு உதாரணம் சொல்கிறேன், மகளிடமும் காட்டுங்கள். ஆர்டரை ரத்து செய்யும் டூல் ஒன்று. அதன் விளக்கத்தில் "ஆர்டரை ரத்து செய்யும்" என்று மட்டும் எழுதியிருக்கிறது. வாடிக்கையாளர் "இதை கேன்சல் பண்ண முடியுமா?" என்று சும்மா கேட்கிறார், ஏஜென்ட் உடனே ரத்து செய்துவிட வாய்ப்பு இருக்கிறது. விளக்கத்தின்படி அது தப்பே இல்லை! இதையே இப்படி எழுதிப் பாருங்கள்: "பயனர் ரத்து செய்யச் சொல்லி உறுதி செய்த பிறகு மட்டும் பயன்படுத்தவும். ரத்து செய்ததை மீட்க முடியாது. ஏற்கெனவே அனுப்பிய ஆர்டருக்கு இது பொருந்தாது, அதற்கு ரிட்டர்ன் டூல் இருக்கிறது. ரத்து செய்ய முடியுமா என்று மட்டும் பார்க்க ஸ்டேட்டஸ் டூல் போதும்." எப்போது கூப்பிட வேண்டும், எப்போது கூடாது, கூப்பிட்டால் என்ன ஆகும், மாற்று எது என்று நான்கும் வந்துவிட்டன. கோடில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. இதை யோசிக்க, அந்த மென்பொருளைப் பயன்படுத்துகிறவர் எங்கே தடுமாறுவார் என்று தெரிந்திருக்க வேண்டும். எழுத்தில் மனசு உள்ள பிள்ளைக்கு இது கைவரும் என்றுதான் நினைக்கிறேன்.

தேதியும் அப்படித்தான். 03/04/2026 என்றால் மார்ச் 4ஆ, ஏப்ரல் 3ஆ? "தேதி" என்று விட்டுவிடாமல் ஐஎஸ்ஓ 8601 வடிவில், 2026-04-03 மாதிரி, என்று உதாரணத்தோடு எழுத வேண்டும். பிழைச் செய்தியும் டாக்குமென்டேஷன்தான், பலர் இதை மறந்துவிடுகிறார்கள். வெறும் "400 பேட் ரிக்வெஸ்ட்" (கோரிக்கை தப்பு) என்று திருப்பி அனுப்பினால் ஏஜென்ட் அதே தப்பை மறுபடி செய்யக்கூடும், எந்த உள்ளீடு தப்பு, எப்படி இருக்க வேண்டும் என்று சொன்னால் தானே திருத்திக்கொள்ளும்.

அதற்காக நீட்டி முழக்கவும் முடியாது. டூல் விளக்கங்கள் எல்லாம் ஏஜென்ட்டின் கான்டெக்ஸ்டில், அதாவது அது ஒரே நேரத்தில் படிக்கிற உரையில், போய் உட்காரும், ஒவ்வொரு சொல்லுக்கும் டோக்கன் (ஏஐ உரையை எண்ணும் சின்னத் துண்டு) செலவு, கிட்டத்தட்ட ஒரே பெயரில் ஏழெட்டு டூல் இருந்தால் எதை எடுப்பது என்று குழப்பம் வேறு.

சரி, இப்போது அவள் என்ன செய்ய வேண்டும்? இந்த வேலைக்கென்றே ஒரு பெயர் வைத்துத் தேடினால் ஏமாற்றம்தான். டெக்னிக்கல் ரைட்டர், டெவலப்பர் ரிலேஷன்ஸ், ஏபிஐ (மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசும் வழி) ப்ராடக்ட் என்ற பெயர்களுக்குள் இது கலந்திருக்கும், வேலை விவரத்தை முழுசாகப் படிக்கச் சொல்லுங்கள். ஜேசன் ஸ்கீமா, ஏபிஐகளை விவரிக்கும் ஓப்பன்ஏபிஐ (ஓப்பன்ஏஐ அல்ல), கோடின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட், எளிய எழுத்து வடிவமான மார்க்டவுன், கொஞ்சம் பைத்தான் போதும். இதற்கென்று பெரிய பணம் கட்டி சான்றிதழ் கோர்ஸ் எதிலும் சேர்க்காதீர்கள், எம்சிபி ஆவணங்களே இலவசமாகக் கிடைக்கின்றன.

கோர்ஸைவிட ஒரு சின்ன புராஜெக்ட் மேல். நான்கைந்து டூல் உள்ள எம்சிபி சர்வர் (அந்த டூல்களை ஏஜென்ட்டுக்குத் தரும் நிரல்) ஒன்றை அவளே எழுதட்டும். பிறகு, நிஜத்தில் மனிதர்கள் கேட்கிற மாதிரி அரைகுறையாக இருபது கேள்விகள் தயார் செய்து, ஏஜென்ட்டிடம் கொடுத்து, எந்த டூலைக் கூப்பிட்டது, என்ன மதிப்பு அனுப்பியது என்று லாகில் (நடந்ததெல்லாம் பதிவாகும் ஃபைல்) பார்க்கட்டும். தப்பான இடங்களில் விளக்கத்தை மட்டும் மாற்றி, அதே இருபதையும் பலமுறை ஓட்ட வேண்டும், ஏனென்றால் ஒரே கேள்விக்கு ஏஜென்ட் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது. முன்பு எத்தனை சரி, பின்பு எத்தனை சரி, எந்த வாக்கியத்தை ஏன் மாற்றினாள் என்று எழுதி கிட்ஹப்பில் போடட்டும். மாற்றியும் சரியாகாதவற்றையும் மறைக்காமல் போட வேண்டும், இன்டர்வியூவில் பேச்சு அங்கேதான் சூடு பிடிக்கும்.

ஒரு மாதம் அவகாசம் கொடுங்கள். அப்புறம் அந்த லாகையும் எடுத்துக்கொண்டு அவளையே என்னிடம் பேசச் சொல்லுங்கள், ரெஸ்யூமில் அதை எங்கே வைப்பது என்று சேர்ந்து பார்ப்போம்.