விலை இறங்கினால் நமக்கு எப்படித் தெரியும்? ஃபிரிட்ஜ், ஏசி, வாஷிங் மெஷின் கேள்வி பதில்

வீட்டுச் சாமான் ஆன்லைனில் வாங்கும் முன் பழைய விலையைப் பாருங்கள் என்று போன வாரம் சொல்லியிருந்தேன். அதற்கு நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் பல ஊர்களிலிருந்தும் கேள்விகள் வந்தன. எனக்குத் தெரிந்தவரை பதில் எழுதுகிறேன்.

தக்கலை: அக்கா, காசு கட்டாமல் விலை இறங்குவதைத் தெரிந்துகொள்ள என்ன வழி? என்னிடம் போன் மட்டும்தான் இருக்கிறது.

போன் போதும். அமேசானில் பார்த்த பொருள் என்றால் அந்தப் பக்கத்தில் ஷேர் அழுத்தி லிங்கை காப்பி செய்து, கீப்பா (Keepa) என்ற விலை பார்க்கும் தளத்தின் தேடல் கட்டத்தில் ஒட்டுங்கள். அந்தப் பொருளின் பழைய விலை வரைபடமாக வரும். எந்த விலைக்கு வந்தால் வாங்குவீர்களோ அதைக் குறித்து வைத்தால், இறங்கும் அன்று மெயிலிலோ டெலிகிராமிலோ தகவல் வரும். அங்கே பணம் கட்டிப் பெறும் வசதிகளும் உண்டு. அவை விற்பவர்களுக்கானவை, நமக்குத் தேவையில்லை. கீப்பா ஃபிளிப்கார்ட்டைப் பார்ப்பதில்லை. அதற்கு பைஹட்கே (Buyhatke) என்ற தளம் இருக்கிறது, அதுவும் இலவசம்.

இதெல்லாம் வேண்டாம் என்றால் பொருளை அமேசான் கார்ட்டிலேயே போட்டு வையுங்கள். விலை மாறினால், திறக்கும்போது மேலேயே சொல்லிவிடும். நான் இன்றும் ஒரு நாற்பது பக்க நோட்டில் வாரம் ஒருமுறை விலை எழுதுகிறேன். ஆறு வாரம் எழுதினால் அந்தப் பொருளின் போக்கு கைக்கு வந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. கம்ப்யூட்டரில் பிரவுசரோடு சேரும் விலை பார்க்கும் நீட்சிகள் (எக்ஸ்டென்ஷன்) நீங்கள் திறக்கும் பக்கங்களைப் படிக்க அனுமதி கேட்கும். அப்படி ஒன்றைப் போட்ட பிரவுசரில் பேங்க் வேலை செய்யாதீர்கள். அதற்கு வேறு பிரவுசர் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆரல்வாய்மொழி: 62 சதவீதம் தள்ளுபடி என்று ஒரு மிக்சி. நம்பலாமா?

சதவீதத்தைப் பார்க்கவே வேண்டாம். அது எம்.ஆர்.பி.யிலிருந்து போடும் கணக்கு. எம்.ஆர்.பி. என்பது அதற்கு மேல் விற்கக் கூடாது என்ற உச்ச வரம்பு மட்டுமே, அந்த விலைக்கு யாராவது வாங்கினார்கள் என்று பொருள் இல்லை. கடைசி மூன்று மாத வரைபடத்தைப் பாருங்கள். எண்பது நாள் 3,200க்கு விற்று, ஒரு வாரம் 4,100 ஆக்கி, சேல் அன்று 3,150க்கு வந்தால் உங்களுக்கு மிச்சம் 50 ரூபாய். சில வருடங்களுக்கு முன் இப்படி ஏற்றி இறக்கிய விலையில்தான் நான் ஒரு ஃபிரிட்ஜ் வாங்கினேன். அதற்கு அப்புறம்தான் நோட்டு ஆரம்பித்தேன்.

வடசேரி: ஜிஎஸ்டி குறைத்தார்களே, ஃபிரிட்ஜ் விலை ஏன் இறங்கவில்லை? கடைக்காரர் ஏமாற்றுகிறாரா?

இல்லை. ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் 2018 ஜூலையிலேயே 28இலிருந்து 18 சதவீதத்துக்கு வந்துவிட்டன. 2025 செப்டம்பர் 22 அன்று 28இலிருந்து 18க்கு வந்தவை ஏசி, பாத்திரம் கழுவும் மெஷின், 32 இன்ச்சுக்கு மேலான டிவி ஆகியவை. வரியோடு 40,000க்கு விற்ற ஏசி, வரி மட்டும் குறைந்தால் 36,875 ஆகும். பத்து சதவீதம் குறையும் என்று 36,000 எதிர்பார்க்காதீர்கள், குறைவது எட்டுக்குச் சற்றுக் கீழே.

ஆகவே ஏசி வரைபடத்தில் அந்தத் தேதியில் ஒரு படி இறங்கியிருந்தால் அதைச் சலுகை என்று எண்ண வேண்டாம். அந்தத் தேதிக்குப் பிந்தைய விலைகளை மட்டும் ஒப்பிடுங்கள். மின் சிக்கனத்தைக் காட்டும் ஸ்டார் லேபிளில் போட்டிருக்கும் காலத்தையும் படியுங்கள். அளவுகோல் மாறும்போது பழைய சரக்கு விலை இறங்கும், ஏசிக்கு 2022 ஜூலையில் அப்படி மாறியது.

குலசேகரம்: அலர்ட் வந்தது, ஓடிப்போய்ப் பார்த்தால் என் பின்கோடுக்கு அந்த விலை இல்லை.

நம் மாவட்டத்தில் பலருக்கும் இதே கதைதான். விலை பார்க்கும் தளத்துக்கு உங்கள் பின்கோடு தெரியாது. ஒரே ஃபிரிட்ஜைப் பல பேர் விற்பார்கள். குறைந்த விலைக்காரர் 629இல் தொடங்கும் நம் பின்கோடுகளுக்கு அனுப்பாவிட்டால், அடுத்தவரின் விலைதான் உங்களுக்குத் தெரியும். அதனால் அலர்ட் வைக்கும் முன்பே உங்கள் பின்கோடு போட்டு என்ன விலை வருகிறது என்று பாருங்கள். நிறமும் முக்கியம். சிவப்புக்கு ஒரு விலை, சாம்பலுக்கு ஒரு விலை, வரைபடமும் தனித்தனி.

கருங்கல்: எந்த ஆப் நல்லது?

முதல் பதிலில் இருக்கிறது.

மார்த்தாண்டம்: நான் கடை வைத்திருக்கிறேன். நீங்கள் இப்படிச் சொல்லிக் கொடுத்துத்தான் எங்கள் கடையில் வந்து தொட்டுப் பார்த்துவிட்டு, போனில் ஆர்டர் போட்டுப் போகிறார்கள். வரைபடத்தில் தெரியும் விலைக்கா சாமான் வீட்டில் ஓடுகிறது?

உங்கள் கேள்வி நியாயமானது அண்ணாச்சி. வரைபடம் காட்டுவது பக்கத்தில் போட்டிருக்கும் விலையை மட்டும். கார்டு சலுகை, எக்ஸ்சேஞ்ச், கூப்பன் எதுவும் அதில் இல்லை. மாட்டும் கூலியும் இல்லை. ஆனால் விலை பார்ப்பது கடைக்கு எதிரான வேலை என்று நான் நினைக்கவில்லை. அதே வரைபடத்தோடு உங்கள் கடைக்கு வந்து, எல்லாம் சேர்த்து எவ்வளவு என்று கேட்கத்தான் சொல்கிறேன்.

குளச்சல்: அவர் சொல்வது சரி அக்கா. ஏசியை ஆன்லைனில் 33,490க்கு வாங்கினேன். மாட்ட 1,500, ஸ்டாண்டு 800, கூடுதல் குழாய் 1,600. கடையில் எல்லாம் சேர்த்து 36,500 சொன்னார்கள்.

கூட்டினால் 37,390. கடையை விட 890 ரூபாய் அதிகம். இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டியதற்கு நன்றி. ஏசியோடு வழக்கமாக மூன்று மீட்டர் குழாய்தான் வரும், மாடியில் வெளி யூனிட் வைத்தால் போதாது. குளச்சல், முட்டம் பக்கம் உப்புக் காற்றில் வெளி யூனிட் சீக்கிரம் அரிக்கும். சர்வீஸ் ஆள் பக்கத்தில் இருப்பதற்கும் ஒரு விலை உண்டு.

மார்த்தாண்டம் (மறுபடியும்): அதைத்தானே நானும் சொன்னேன்.

சரி, ஏசியில் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வாஷிங் மெஷின், மிக்சி, கிரைண்டரில் இந்தச் செலவுகள் பெரிதாக இல்லை. அங்கே வரைபடம் சொல்வது கிட்டத்தட்ட உண்மை. கடைக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: மாடல் எண்ணை முழுதாகச் சொல்லுங்கள். ஆன்லைனுக்கென்றே கடைசி இரண்டு எழுத்து மாறிய மாடல்கள் வருகின்றன. எண் தெரியாமல் எந்த இரண்டு விலையையும் ஒப்பிட முடியாது.

கருங்கல் (வேறொருவர்): கடையில் விலை கேட்டால் ஆளுக்கொரு விலை சொல்கிறார்கள். ஆன்லைனில் அந்தப் பாடு இல்லை.

அந்த வருத்தம் எனக்கும் உண்டு. அதனால்தான் எழுதி வாங்குங்கள் என்கிறேன். ஒரு துண்டுத்தாளில் மாடல் எண், மொத்த விலை, மாட்டும் செலவு. எழுதித் தரத் தயங்காத கடையில் வாங்குங்கள்.

நாகர்கோவில்: எந்த மிக்சி நல்லது?

எனக்குத் தெரிந்தது விலை மட்டும். மெக்கானிக்கைக் கேளுங்கள்.

திங்கள்சந்தை: விலை டிராக் பண்ண எந்த ஆப்?

மூன்றாம் முறை கேட்கிறார்கள். முதல் பதில், மக்கா.

தோவாளை: 99 ரூபாய்க்கு வாஷிங் மெஷின் என்று டெலிகிராமில் லிங்க் வந்தது.

தொடாதீர்கள். அலர்ட் தகவலாக வந்தால்கூட அதிலிருக்கும் லிங்கை அழுத்தாமல், கடை ஆப்பை நீங்களே திறந்து பொருளைத் தேடுங்கள். இதை எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன். பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930க்கு அழையுங்கள். சாமான் பழுது, பில் தகராறு என்றால் நுகர்வோர் உதவி எண் 1915.

கொட்டாரம்: நேற்று ஆர்டர் போட்டேன், இன்று 1,500 குறைந்துவிட்டது. திருப்பித் தருவார்களா?

பெரும்பாலும் தர மாட்டார்கள். இன்னும் அனுப்பவில்லை என்றால் ரத்து செய்து மறுபடி போடலாம். ஆனால் முதலில் கிடைத்த கார்டு சலுகை மறுபடி கிடைக்குமா என்று பார்த்துவிட்டு ரத்து செய்யுங்கள்.

களியக்காவிளை: மகள் வீட்டுக்கு வாஷிங் மெஷின். தீபாவளி சேல் வரை பொறுக்கவா?

அதற்கு முன்பே நமக்கு ஓணம் இருக்கிறதே. உங்களுக்குத் திருவனந்தபுரம் பக்கம்தான், அங்குள்ள கடைகள் ஓணத்துக்குச் சலுகை போடும். இன்றைக்கே மாடல் எண்ணும் விலையும் எழுதி அலர்ட் வையுங்கள். ஓணத்துக்கு அங்கே ஒரு கடை, மார்த்தாண்டத்தில் ஒரு கடை, இரண்டிலும் எழுதி வாங்குங்கள். வரைபடத்தில் தெரியும் கடைசி மூன்று மாதக் குறைந்த விலையை எந்தக் கடை தொட்டாலும் வாங்கிவிடுங்கள், தீபாவளி வரை மகளைக் கையால் துவைக்க விட வேண்டாம்.