டெலிடப்பீஸ் பாத்தா குழந்தைக்கு பேச்சு லேட்டாகுமா?

கேள்வியப் பாத்ததுமே புரிஞ்சுபோச்சு, வீட்ல யாரோ உங்களப் போட்டு வறுத்தெடுத்திருக்காங்க. எனக்கும் அதே கததான்.

நாங்க இருக்கறது இங்கிலாந்துல கவன்ட்ரி. பையனுக்கு ரெண்டு வயசு தாண்டியும் நாலஞ்சு வார்த்தைக்கு மேல வரல. ஒரு நாள் வீடியோ கால்ல என் மாமியார், பின்னாடி ஓடிட்டிருந்த டிவிடியப் பாத்துட்டு (சாரிட்டி ஷாப்ல வாங்குன பழைய டெலிடப்பீஸ், வயித்துல டிவி ஸ்கிரீன் வெச்ச நாலு பொம்மைங்க வர்ற சின்னக் குழந்தைங்க ஷோ) "அந்த பொம்மைங்களே உளறுது, அதப் பாத்தா புள்ளைக்கு எங்கேர்ந்து பேச்சு வரும்"னாங்க. அவ்ளோதான், நாத்தனார்லேர்ந்து சித்தி வரைக்கும் எல்லாரும் டாக்டர் ஆயிட்டாங்க.

அவங்களையும் குத்தம் சொல்ல முடியாது, 1997ல பிபிசில இது வந்தப்பவே பிரிட்டன்ல நெறைய பேர் இதையேதான் சொல்லித் திட்டுனாங்க. ஆனா எடுத்தவங்க ஒண்ணும் தெரியாதவங்க இல்லங்க. இத எடுத்த ராக்டால் கம்பெனிய 1984ல ஆரம்பிச்ச ஆன் வுட் அதுக்கு முன்னாடி டீச்சர். கூட சேந்து உருவாக்குன ஆண்ட்ரூ டேவன்போர்ட் லண்டன்ல படிச்சதே பேச்சு சம்பந்தப்பட்ட படிப்புதான். பொம்மைங்க மழலையில பேசுனாலும் பின்னாடி ஒரு குரல் தெளிவா சொல்லிட்டே இருக்கும், கவனிச்சுப் பாருங்க. ஷூட்டிங் எடுத்த விம்ப்ஸ்டோன் கிராமம் எங்களுக்குப் பக்கம்தான், பொம்மைக்காக ஆளுங்க போட்டுக்கற அந்த வேஷம் ரொம்பப் பெருசுங்கறதால சுத்தி விட்ட முயலக்கூட பெரிய ஜாதியாப் பாத்து விட்டாங்களாம்.

பொம்மைங்க வயித்துல இருக்கற ஸ்கிரீன்ல நெஜக் குழந்தைங்க படம் ஒண்ணு ஓடும்ல, முடிஞ்சதும் "அகெய்ன் அகெய்ன்"னு கத்தி முழுசா இன்னொரு தடவ போடுவாங்க, பெரியவங்களுக்கு எரிச்சலா வர்ற எடமே அதான். என் பையன் மொத தடவ வாயத் தொறந்து சும்மா பாப்பான், ரெண்டாவது தடவ அந்தப் படத்துல சைக்கிள் ஓட்டற பையன் திரும்பறதுக்கு முன்னாடியே அந்தப் பக்கம் கைய நீட்டுவான். அடுத்து என்னன்னு புடிச்சுட்டான்ல, இது மக்குப் புள்ள பண்ற வேலையா?

டிவி போட்டா பேச்சு வந்துடும்னு நான் சொல்லல, கமென்ட்ல சண்டைக்கு வராதீங்க. நாங்களும் அளவாத்தான் போட்டோம். ஊர்ல அதே நாத்தனார் பேரனுக்குச் சோறு ஊட்டறப்போ ஃபோன்ல என்ன ஓடுதுன்னு நானும் பாத்துருக்கேன்.

கடைசில ஹெல்த் விசிட்டர் (இங்க சின்னக் குழந்தைங்க வளர்ச்சியப் பாத்துக்கற நர்ஸ்) சொல்லி காது டெஸ்ட் பண்ணோம், நடுக்காதுல தண்ணி கோத்துட்டு இருந்துருக்கு, பாதி சத்தம் உள்ளயே போகல. இந்த வயசுல நெறைய புள்ளைங்களுக்கு வருமாம். அதனால நீங்க டிவிடியத் தூக்கிப் போடறதுக்கு முன்னாடி, பின்னாலேர்ந்து கூப்பிட்டா குழந்தை திரும்புதான்னு பாருங்க, சந்தேகம்னா டெஸ்ட் கேளுங்க. மாமியார் வீட்ல இதுவரைக்கும் ஒருத்தரும் வாயத் தொறக்கல. அவங்களாவது அவ்ளோ தூரத்துல இருக்காங்க, தெனம் பகல் முழுக்க இவன வெச்சிருந்த நர்சரிக்கு ஒண்ணுமே தெரியலயாம், நான் அஞ்சு நிமிஷம் லேட்டா போனா மட்டும் கரெக்டா ஃபைன் போடத் தெரியுது.