காழ்ப்பும் விரோதமும் ஒன்றா?

கேள்வி: சாக்கடைத் தகராறில் பக்கத்து வீட்டுக்காரர் மீது மனு எழுதினேன். 'காழ்புணர்ச்சியோடு நடந்துகொள்கிறார்' என்று இரண்டு இடத்தில் எழுதியிருந்தேன். தட்டச்சு செய்து தருபவர், "விரோதம்னு போட்டாப் பத்தாதா சார்?" என்றார். இரண்டும் ஒன்றுதானே?
- வாசகர், கோவில்பட்டி

பதில்: தகராறு எப்போது தொடங்கியது என்று நீங்கள் சொல்லவில்லையே! விடை அதில்தான் இருக்கிறது.

என் அப்பா மரக்கடை வைத்திருந்தார். அறுத்துப் போட்ட வேப்பங்கட்டையில் ஓரமெல்லாம் வெளிறியிருக்கும், நடு மட்டும் சிவந்து இறுகிக் கிடக்கும். ஆசாரி அதைத் தட்டிப் பார்த்து, "வைரம் பாஞ்சிருக்கு" என்பார். அந்த வைரத்துக்குப் பழைய தமிழில் பெயர் காழ். உள்ளே காழ் இருந்தால் மரம், வெளியே இருந்தால் புல் என்கிறது தொல்காப்பிய மரபியல். அந்தக் கணக்கில் பனையும் தென்னையும் புல்தான்!

காழ்த்தல் என்றால் முற்றி இறுகுதல். 'பகைத்திறம் தெரிதல்' அதிகாரத்தில் வள்ளுவர், முள்மரத்தை இளசிலேயே வெட்டு, 'காழ்த்த இடத்து' அது வெட்டுகிறவன் கையையே பதம் பார்க்கும் என்கிறார் (குறள் 879). மனத்துக்குள் நாள்பட்டு இறுகிப்போன வெறுப்புதான் காழ்ப்பு. (எதிரியை வைரி என்கிறோமே, அந்த வைரம் வேறு. பகை என்று பொருள்படும் வடசொல் அது. மரத்து வைரத்தோடு ஒலி ஒத்துப்போனது தற்செயல்.)

விரோதத்துக்கு இவ்வளவு வயது வேண்டாம். காலையில் வாய்த்தகராறு, சாயங்காலம் விரோதம். பழையது என்று காட்ட வேண்டுமானால் செய்தித்தாள்காரர்கள் 'முன்விரோதம்' என்று ஒரு 'முன்' சேர்த்துக்கொள்கிறார்கள். அரசியல்வாதிகளுக்கோ நேற்று வந்த சோதனையும் காழ்ப்புணர்ச்சிதான். அவர்கள் வாயில் அந்தச் சொல் வெளிறிப்போய்விட்டது.

உங்களுக்கும் அவருக்கும் பத்து வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை, விசேஷத்துக்குப் பத்திரிகைகூட வைப்பதில்லை என்றால் காழ்ப்பு என்றே எழுதலாம். சாக்கடை போன மாசம்தான் அடைத்தது என்றால் தட்டச்சுக்காரர் சொன்னதே சரி. அதைவிட, எந்தத் தேதியில் எதைப் போட்டு அடைத்தார் என்று எழுதினால் மனுவைப் படிக்கும் அதிகாரிக்கு உதவும்.

அப்புறம், காழ்ப்பு + உணர்ச்சி, காழ்ப்புணர்ச்சி. இரண்டு இடத்திலும் 'ப்' விட்டுப்போயிருக்கிறது. விரோதம் என்று மாற்றிவிட்டால் அந்தத் தொல்லையும் இல்லை.